பொன்னாடைக் காசு பற்றி வண்ணக்கர்மாருக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர்மார், பரிபாலன சபையினர், பழைய மாணவர் சங்கத்தார், லண்டன், ரொறன்ரோ, சுவிஸ் என்று இருந்துகொண்டு ஊருக்குக் காசு அனுப்பும் ஊர்ச் சங்கத்தார் அனைவருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்காக ஒவ்வொரு வருடமும் நீங்கள் எடுக்கும் பாராட்டு விழாவை இந்த முறை சுருக்கிக்கொள்ளுங்கள். மிஞ்சும் காசை, அந்தப் பிள்ளைகளில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, பதிவு செய்யும் மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு, மாதாமாதம் கொடுங்கள். இவ்வளவுதான். ஏன் ஆறு மாதம், ஏன் மாதாமாதம், அதை ஏன் நாங்கள் கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் மீதிக் கடிதம்.

நான் ஒரு வங்கியின் அடகுப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை. எந்த வங்கியாக இருந்தாலும் அந்தக் கவுண்டரில் நடப்பது ஒன்றுதான். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச ஆசிரியர்மார் இருக்கிறார்கள், அதிபர்மார் இருக்கிறார்கள். படிப்புக்கான காசு எங்கிருந்து வருகிறது என்பதை உரைகல்லுக்குப் பின்னால் இருந்து பார்த்தவன் என்ற தைரியத்தில் நான் எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் “கெம்பஸ் கிடைச்சிட்டு” என்றால் அதோடு செலவு முடிந்தது என்று ஒரு நினைப்பு. டியூசனுக்குத்தான் காசு போனது, இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று தகப்பன்மாரே சொல்வார்கள். பாதி உண்மை. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. இன்றைக்கும் அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. எத்தனையோ நாடுகளில் அந்தக் கட்டணத்துக்காகவே பிள்ளைகள் பாதி ஆயுள் கடன் கட்டுகிறார்கள். நமக்கு அந்தப் பாரம் இல்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பறைக்குள் இருக்கும் நேரம்தான் இலவசம். அங்கே போய்ச் சேர்வதும், தங்குவதும், தின்பதும் வீட்டுக் கணக்கில்தான் விழுகிறது.

வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகப்பன் பிறத்தியார் வயலில் கூலி, தாய் கோழி வளர்க்கிறார். பிள்ளைக்கு பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. பதிவுக்குப் போகும்போதே தகப்பனும் கூடப் போக வேண்டும். பெண்பிள்ளையைத் தெரியாத ஊருக்குத் தனியே அனுப்ப நம் வீடுகளில் யாரும் இணங்கமாட்டார்கள். இரண்டு பேருக்கு, பஸ் மாறி மாறிப் போய்வரும் செலவு. தகப்பனுக்கு அத்தனை நாள் கூலியும் இல்லை. மெத்தை, வாளி, கெற்றில், இரண்டு மூன்று நல்ல உடுப்பு, குளிருக்கு ஒரு சுவெட்டர். (நம் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அதுவரை சுவெட்டர் எதற்கு?) முதல் வருடம் விடுதி கிடைத்தாலும் சாப்பாடு கைக்காசுதான். முகாமைத்துவமோ தகவல் தொழில்நுட்பமோ என்றால் மடிக்கணினி இல்லாமல் ஒப்படை ஒன்றும் செய்ய முடியாது. புதிது என்றால் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டுகிறது, பாவித்ததுக்கே அதில் பாதி வேண்டும். இரண்டாம் வருடத்தில் விடுதியை விட்டு வெளியே போடிங்குக்கு, அதாவது வாடகை அறைக்கு, போகச் சொல்வார்கள். போடிங்காரர் முற்பணம் கேட்பார்.

கிட்டக் கிடைத்தால் செலவில்லை என்றும் நினைக்க வேண்டாம். மண்டூரிலிருந்து வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் போய்வர நினைக்கிற பிள்ளை விடியமுன் எழும்பி, பாதை என்கிற மிதவையில் வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மட்டக்களப்பில் இறங்கி, மறுபடி பஸ் ஏற வேண்டும். ஒரு மாதம் போவார்கள். அப்புறம் செங்கலடிப் பக்கம் நான்கு பேராகச் சேர்ந்து ஓர் அறை எடுப்பார்கள். பொத்துவிலிலிருந்து ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

மகாபொல என்ற அரச உதவிப்பணம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1981இல் சட்டமாக்கப்பட்ட அந்த நிதியம் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டிருக்கிறது, என் சொந்தத்திலும் இருக்கிறார்கள். மாதம் 5000 ரூபாயாக இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7500 ஆக்கினார்கள்; மகாபொல கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கும் பேர்சரியை 4000இலிருந்து 6500 ஆக்கினார்கள். நல்லது. 7500ஐ முப்பதால் பிரித்துப் பாருங்கள்: நாளுக்கு 250 ரூபாய். ஒரு நேரச் சோற்றுப் பார்சலுக்கே அது காணாது. சரி, தொகையை விடுங்கள், அதைவிடப் பெரிய சிக்கல் காலத்தில் இருக்கிறது. மகாபொலக் காசு பிள்ளை பதிவு செய்த அன்று வருவதில்லை. விண்ணப்பம், கிராம சேவையாளரின் வருமானச் சான்று, பிரதேச செயலாளரின் மேலொப்பம், தெரிவுப் பட்டியல், வங்கிக் கணக்கு விபரம் என்று எல்லாம் முடிந்து முதல் தவணை கைக்கு வரும்போது பல மாதம் ஓடிவிடும். பேர்சரிக்கு இன்னும் பிந்தும். நிலுவையைச் சேர்த்துத் தருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆவணியில் தின்ன வேண்டிய சோற்றை மாசியில் சேர்த்துத் தின்ன முடியாதே.

பெரிய செலவெல்லாம் குவிகிற மாதங்கள் அவை. அரசாங்கக் காசு ஒரு சதமும் வராத மாதங்களும் அவைதான். இந்த இடைவெளியைத்தான் ஆறு மாதம் என்கிறேன்.

அந்த இடைவெளியை நம் வீடுகள் எப்படிக் கடக்கின்றன? ஈடு வைத்துத்தான். கவுண்டருக்கு வருகிற தாய்மார் கொஞ்சம் தயங்கித்தான் பேசுவார்கள். “தம்பி, புள்ளைக்கு கெம்பஸ் கிடைச்சிருக்கு, இதுக்கு எவ்வளவு தருவீங்க?” சங்கிலி, காப்பு எல்லாம் முதல் சுற்றிலேயே, உயர்தர டியூசனுக்கே வந்திருக்கும். இப்போது காதில் கிடப்பது மிச்சம். தோட்டின் சுரையை அங்கேயே நின்றபடி கழற்றுவார்கள். வருடக்கணக்காகக் கழற்றாத சுரை இலேசில் திரும்பாது; பக்கத்தில் நிற்கும் மகள் பிடித்துத் திருகுவாள். தோட்டைத் தட்டில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த வேப்பங்குச்சித் துண்டை எடுத்துக் காதுத் துவாரத்தில் செருகிக்கொள்வார்கள், துவாரம் தூராமல் இருக்க. வீட்டிலிருந்து வரும்போதே குச்சியை முறித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றால், எவ்வளவு யோசித்து வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏன் கடன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். வங்கியில் கல்விக் கடன் உண்டு. அதற்குப் பிணை நிற்க, சம்பளப் பட்டியல் காட்டக்கூடிய ஆட்கள் வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கூலிக்காரன், தனக்காகக் கையெழுத்து வைக்க அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமா? 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கல்விக் கடன் இருக்கிறது, வட்டியை அரசாங்கமே கட்டும், நல்ல திட்டம். ஆனால் அது உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காமல், அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்கிறவர்களுக்கு. வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் பெலிஹுல்ஓயாவுக்கும் போகிற பிள்ளைக்கு அது இல்லை. நுண்கடன்காரரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஊரில் யார் வீட்டுப் படலையில் கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆக, பிணையும் கேட்காமல், படிவமும் நிரப்பச் சொல்லாமல், அரை மணித்தியாலத்தில் காசைக் கையில் தருகிற இடம் அடகுக் கவுண்டர்தான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. நம் ஆட்கள் அடகு வைப்பது புதிதல்ல. ஐப்பசியில் மழை தொடங்கி விதைக்கும்போது நகையைக் கொண்டுவருவார்கள், உழவுக்கூலி, உரம், எண்ணெய் என்று. மாசி பங்குனியில் வேளாண்மை வெட்டி நெல்லை விற்றதும் வந்து மீட்டுக்கொண்டு போவார்கள். வட்டி கொடுத்தாலும் அந்தக் கணக்கு ஒருமாதிரி ஓடும், ஏனென்றால் அடகின் தவணை ஒரு வருடம், பெரும்போகம் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. படிப்புக்கு வைத்த நகைக்கு அப்படி ஒரு வெட்டுக்காலம் இல்லை. கலைமாணிக்கு மூன்றோ நான்கோ வருடம், பொறியியலுக்கு நான்கு, மருத்துவத்துக்கு ஐந்து, அதன் பிறகு வேலைக்குக் காத்திருக்கிற காலம் வேறு. ஒரு வருடத் தவணைச் சாமானை வைத்து ஐந்து வருடச் செலவைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். நடுவில் வட்டி கட்டிப் புதுப்பிக்க முடியாமல் போனால் அறிவித்தல் கடிதம் வரும். அப்புறம் ஏலம்.

போன நகை திரும்ப வராது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2021இல் ஒரு பவுண் ஒரு இலட்சத்தைச் சற்றே தாண்டி நின்றது. 2025இல் அது மூன்று இலட்சத்தையும் தாண்டிவிட்டது. அன்றைக்கு மகனின் முதல் வருடத்துக்காக ஒன்றரைப் பவுண் சங்கிலியை ஏலத்தில் விட்ட தாய், மகன் வேலைக்குப் போய் முதல் வருடச் சம்பளம் முழுவதையும் கொட்டினாலும் அதே சங்கிலியை வாங்குவது சந்தேகம். 2022, 2023இல் வட்டி ஏறிய ஏற்றத்தில் எத்தனை சீட்டுகள் புதுப்பிக்கப்படாமல் கிடந்தன என்பது அந்தக் காலத்தில் கவுண்டரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அடகு வைத்தவர்கள் யாரும் ஊதாரிகள் இல்லை. ஆறு மாதம் தாங்கக் காசிருந்தால் அந்த நகை வெளியே வந்தே இருக்காது.

நம் ஆட்களுக்குத் திட்டமிடத் தெரியாது என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெண்பிள்ளை பிறந்தால் சீதன வீட்டுக்கு எப்போது வேலை தொடங்குகிறோம்? பிள்ளைக்குப் பத்து வயதிலேயே வளவின் மூலையில் கல்லறுத்து அடுக்கத் தொடங்குகிறோம். ஒரு போகத்துக்கு அத்திவாரம், இன்னொரு போகத்துக்குச் சுவர், தகப்பன் கட்டார் போய்வந்தால் கூரை. பதினைந்து வருடத் திட்டம் அது, வங்கிக்காரன் ஒருவனும் சொல்லித் தரவில்லை. தமிழர், முஸ்லிம் என்று இரண்டு பக்கமும் இந்த விடயத்தில் ஒரே மாதிரித்தான். ஆனால் அதே பிள்ளையின் படிப்புக்கு ஒரு சேமிப்புப் புத்தகம் திறந்து மாதம் 500 ரூபாய் போடுகிற வீட்டை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். காரணம், வீடு கட்டாயம் வேண்டும் என்று தெரியும். பல்கலைக்கழகம் கிடைக்குமா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. உயர்தரத்தில் தகுதி பெறுகிறவர்கள் வருடத்துக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேல், அரச பல்கலைக்கழகங்கள் எடுப்பதோ நாற்பதாயிரத்துச் சொச்சம். கிடைக்காமல் போகக்கூடிய ஒன்றுக்காக எந்தத் தகப்பன் சீமெந்துக் காசில் கை வைப்பான்? அதனால்தான் தனி வீடு செய்ய முடியாததை ஊர் செய்ய வேண்டும் என்கிறேன். எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது; ஊருக்குள் ஐந்தாறு பேருக்கு வருடாவருடம் கிடைக்கத்தான் போகிறது என்பது நிச்சயம்.

நிச்சயம் என்று சொல்லக் காரணம், மாவட்டக் கோட்டா. கலைத்துறை நீங்கலான பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிரிக்கிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16இல் உண்டு. நாம் பின்தங்கிய மாவட்டம் என்று நாடே ஏற்று இடம் ஒதுக்குகிறது. அப்படிப் பின்தங்கிய வீட்டிலிருந்து உள்ளே போகிற பிள்ளைக்கு மாதச் செலவு எங்கிருந்து வரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இனி விழாவைப் பற்றி. கோபிக்க வேண்டாம், எல்லா விழாவிலும் நானும் முன் வரிசையில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். பெறுபேறு வந்ததும் சந்தியில் பதாகை கட்டுகிறீர்கள். மருத்துவம், பொறியியல் என்றால் ஆளுயரப் படம். கலைப்பீடம் என்றால் கீழே சின்ன எழுத்தில் பெயர், சில ஊரில் அதுவும் இல்லை. பிறகு மண்டபம், ஒலிபெருக்கி, மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம், பிரதம அதிதி, விசேட அதிதி, கௌரவ அதிதி, மலர் வெளியீடு, மதியச் சாப்பாடு. மருத்துவ பீடம் கிடைத்த பிள்ளைக்குக் கோயிலில் ஒரு பொன்னாடை, பள்ளிக்கூடத்தில் ஒன்று, விளையாட்டுக் கழகத்தில் ஒன்று, டியூட்டரியில் ஒன்று. அந்தப் பொன்னாடைகளை அந்த வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? தையல் மெசினுக்கு உறையாகப் போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர் ஒன்றில் கணக்கு வாசித்த கூட்டத்தில் இருந்தேன். அந்த வருட விழாச் செலவு 3 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அன்று மேடையேறியவர்களில் ஒரு பிள்ளையின் தாய் அதற்கு முந்தின கிழமை என் பழைய கவுண்டருக்கு வந்து போயிருந்தார்.

3 இலட்சத்தை என் கணக்கில் போட்டுப் பாருங்கள். மாதம் 15000 ரூபாய், ஆறு மாதம், ஒரு பிள்ளைக்கு 90000. மூன்று பிள்ளைகளைத் தாங்கியும் 30000 மிச்சம். அந்த மிச்சத்தில் தேநீரும் வடையும் கொடுத்து, ஒரு மணித்தியாலத்தில் விழாவையும் நடத்தி முடிக்கலாம்.

விழாக் காசில்லாத ஊர் என்றாலும் வழியிருக்கிறது. திருவிழாவுக்குக் குடிக்கு குடி, அதாவது தாய்வழியில் வரும் ஒவ்வொரு குடும்பக் கூட்டத்திடமும், வரி எடுக்கிறோம். எந்தக் குடிக்கு எந்த நாள், எந்த வீடு கட்டியது, எந்த வீடு பாக்கி என்று வண்ணக்கரின் கொப்பியில் இருக்கிறது. இதைவிட நேர்த்தியான வசூல் முறை எந்த வங்கியிடமும் கிடையாது என்று தொழில் தெரிந்தவனாகவே சொல்கிறேன். ஒரு குடியில் 150 வீடு, வீட்டுக்கு மாதம் 250 ரூபாய் என்றால் 37500. இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்து, மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைக்கலாம். கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் சில பள்ளிவாசல்களில் ஸக்காத் நிதியிலிருந்து படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் எப்படி ஆள் தெரிவு செய்கிறீர்கள் என்று போய்க் கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

கொடுக்கும் விதம் பற்றிச் சில விடயம். இவை தொகையைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். 90000 ஒரே நாளில் வீட்டுக்கு வந்தால் பழைய கடன்காரர் அடுத்த நாள் வாசலில் நிற்பார், கொடுக்காமலும் இருக்க ஏலாது. பிள்ளையின் சொந்தக் கணக்குக்கு மாதத்தின் முதற் கிழமையில் போகட்டும். மகாபொல நிலுவை வந்துவிட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம். அந்த நிலுவையில்தான் மடிக்கணினி வாங்குவார்கள்.

அப்புறம், படம். தயவுசெய்து மட்டையில் செய்த பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் வேண்டாம். அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அந்தப் படம் கூடப் படிக்கிறவர்களின் தொலைபேசிக்குப் போய்விடும். பகிடிவதைக்காரனுக்கு அதுவே போதும். பேரும் படமும் இல்லாமல் “இந்த வருடம் நான்கு பேருக்கு இவ்வளவு கொடுத்தோம்” என்று பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசித்தால் போதாதா? லண்டன்காரர் படம் கேட்பார்கள் என்று சொல்வீர்கள். லண்டன்காரரும் இதை வாசிக்கிறார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். அண்ணன்மாரே, வங்கிச் சிட்டையைக் கேளுங்கள், படத்தைக் கேட்காதீர்கள்.

யாருக்கு என்பதைப் புள்ளியை வைத்துத் தீர்க்க வேண்டாம். உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியைப் பார்த்து இடம் கொடுத்தாயிற்று, இனிப் பார்க்க வேண்டியது அடுப்படியை. தகப்பன் இல்லாத வீடு, ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு, தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற வீடு என்று உங்களுக்குத் தெரியாததா? கிராம சேவையாளரைவிட வண்ணக்கருக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, சின்னக் காசில் பெரிய உதவி. ஏற்கனவே படிப்புக்காக நகை அடகில் இருக்கிற வீடுகளுக்கு வட்டியை மட்டும் கட்டி உதவலாம். 2 இலட்சம் எடுத்திருந்தால், 12 வீதம் என்று வைத்தாலும் வருட வட்டி 24000. அதைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்துவிட்டால் நகை ஏலத்துக்குப் போகாது, விலையேற்றமும் அந்த வீட்டுக்கே சேரும். முதலைப் பிள்ளை உழைத்துக் கட்டட்டும்.

மறுப்புகள் வரும், எனக்குத் தெரியும். இது அரசாங்கத்தின் வேலை என்பார்கள். ஆம், மகாபொலவை முதல் மாதத்திலேயே கொடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்க வேண்டும், நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும். அதுவரை பிள்ளை பட்டினி கிடக்க வேண்டுமா? கொடுத்த காசில் போன் வாங்குவான் என்பார்கள். வாங்கினால் வாங்கட்டும், விரிவுரைக் குறிப்பு முழுக்க இப்போது போனுக்குத்தான் வருகிறது. படித்து முடித்து வெளிநாடு ஓடிவிடுவான் என்பார்கள். ஓடினவர்கள் சேர்ந்துதானே உங்கள் ஊர்ச் சங்கமே நடக்கிறது!

கோயில் காசு கோயிலுக்குத்தான் என்கிற பேச்சுக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். இலவசக் கல்வி வருவதற்குப் பதினாறு வருடம் முந்தியே அது. காவி உடுத்த துறவி அவர். பக்திக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே அவர் கோடு கிழிக்கவில்லை. அவருடைய சிலைக்கு இரண்டு மாவட்டத்திலும் வருடாவருடம் மாலை போடுகிறோம், அந்த மாலைக் காசும் கோயில் காசிலிருந்துதான் போகிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் கூடுகிற கூட்டத்தில் உண்டியலில் காசு போடுகிற தாய்மாரைக் கேளுங்கள், பிள்ளைகளின் படிப்புக்குப் போகக்கூடாது என்று ஒருத்தியாவது சொல்வாளா என்று.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேருங்கள் என்று கேட்டால் அதிகமாகக் கேட்பதாக நினைப்பீர்கள். ஆனாலும் கேட்கிறேன். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள கல்வியியற் கல்லூரிகள், மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்திலும் நடக்கிற உயர் தேசிய டிப்ளோமாக்கள், தொழில்நுட்பக் கல்லூரியின் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமைப் பயிற்சிகள், இவற்றுக்குப் போகிற பிள்ளைக்கு மேடை கிடையாது, பதாகை கிடையாது, பஸ் காசு மட்டும் அதே பஸ் காசு. ஹார்டியில் படித்துவிட்டு வேலைக்குப் போன பிள்ளை, பட்டம் முடித்து நியமனத்துக்காக மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் பதாகையோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு முன்பே தாயின் நகையை மீட்டிருக்கும். தனியார் பட்டத்துக்கு இலட்சக்கணக்கில் கட்டச் சொல்லி நகரத்தில் விளம்பரம் செய்கிறவர்களிடம் போகிற பெற்றோருக்கோ, காசு கட்டுமுன் அந்தப் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஊரில் ஓர் ஆள் இருந்தாலே போதும். அதற்குக் காசே தேவையில்லை. பழைய மாணவர் சங்கத்தில் பட்டதாரிகள் நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறார்கள்.

அதே ஆட்கள் மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்துக்கொண்டு, விண்ணப்பம் நிரப்பும் பிள்ளையோடும் தகப்பனோடும் ஒரு பின்னேரம் உட்காரலாம். விருப்ப வரிசையை இப்போது டியூட்டரியில் சொல்கிறபடி நிரப்புகிறார்கள். ஒரே பாடநெறி வந்தாறுமூலையிலும் இருக்கிறது, மாத்தறையிலும் இருக்கிறது என்றால் எதை மேலே போடுவது? நான்கு வருடப் பஸ் காசும் போடிங் காசும் அந்த வரிசையில்தான் தீர்மானமாகிறது. தூரப் போவது தப்பில்லை, போகத்தான் வேண்டும், பிள்ளைகள் நாலு இடம் பார்க்கட்டும். செலவைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்பதுதான் என் பேச்சு.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரீட்சைக்கும் பதிவுக்கும் இடையில் நிறைய நாள் கிடைக்கிறது. 2024 நவம்பரில் தொடங்கிய உயர்தரப் பரீட்சை வெள்ளத்தால் இடையில் நின்று, டிசம்பரில் முடிந்து, பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அதற்குப் பிறகு, இடம் கிடைக்கத் தேவையான குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி, பதிவு என்று மாதங்கள் போகும். அந்த நாட்களில் பெடியன்கள் கொழும்பில் கடைகளுக்கும் பெட்டைகள் கார்மென்ட்சுக்கும் போய்விடுகிறார்கள். கையில் சம்பளம் கண்ட பிறகு, காசில்லாத ஆறு மாதத்தை நினைத்து, கிடைத்த இடத்தைப் பதியாமலே விடுகிற பிள்ளைகளும் உண்டு. வெட்டுப்புள்ளி வந்த அன்றைக்கே வண்ணக்கரோ சங்கத் தலைவரோ அந்த வீட்டுக்குப் போய் “பதிஞ்சிட்டு வா மனே, ஆறு மாதத்துக்கு நாங்க பாத்துக்கொள்றோம்” என்று சொன்னால், அந்தப் பிள்ளை அந்தக் கிழமையே பெட்டி கட்டும்.

ஆகவே வரும் பொதுக்கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். தனிக் கணக்கு ஒன்று, மூன்று பேரின் கையொப்பத்தில். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், படிக்கிற வயதில் பிள்ளையுள்ள தாயாக இருந்தால் இன்னும் நல்லது. கோயில் கணக்கோடு கலக்க வேண்டாம். வரவு செலவுக் கொப்பி எழுதவும் வட்டிக் கணக்குப் பார்க்கவும் ஆளில்லாத ஊர் என்றால், களுவாஞ்சிகுடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு நான் வந்து எழுதித் தருகிறேன். சம்பளம் வேண்டாம், பின்னேரத் தேநீர் தந்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.